பெரியம்மாவின் இடது கை

ஒரு நாள் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பேருந்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறியவள் டைப்பிஸ்ட் ஒருத்திதான். மற்றவர்கள் தொப்பியும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். இவள் ஒரு பழைய ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அதிலிருந்த ஒரே காகிதத்தை நாலாவது தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்க மூக்கு நுனி சிவந்துகொண்டே போயிற்று.

இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவள் அவள். “புளுகுறவனுக்கு வாய் வலிக்கல, அடிக்கிற எனக்குத்தான் விரல் வலிக்குது” என்று ஒருநாள் நீதிபதி முன்னாலேயே சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். பெயர் மட்டும் பழைய வேலையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உதவிக்கு இருப்பவன் முன்னாள் பஸ் கண்டக்டர். வேலை ஏன் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வான். வாய்தான் காரணம் என்பது அவனோடு கால்மணி நேரம் இருந்தவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

“அக்கா, முகத்தைக் கொஞ்சம் மாத்துங்க. முன் சீட்டுக் குழந்தை அழுவுது” என்றான்.

“அது பசிக்கு அழுவுது.”

“இல்லக்கா. உங்களைத் திரும்பிப் பாத்தப்புறம்தான் ஆரம்பிச்சுது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. ஆறு வாரமாகத் தூக்கம் இல்லாத கண்கள். அவளுடைய அப்பா வெல்டர். இந்தப் பேருந்து எங்கே போகிறதோ அந்த இடத்தில் இருக்கும் ராட்சதச் சிலையின் தகடுகளை இரண்டு வருடம் உட்கார்ந்து ஒட்டியவர் அவர்தான்.

பத்து மாடி உயரம். குன்றின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையால் கீழே இருக்கும் ஏரியைச் சுட்டிக்காட்டும் இரும்புப் பெண். பத்திரிகைகள் அதற்கு என்னென்னவோ பெரிய பெயர்கள் வைத்தன. சனங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள், அது நிலைத்துவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சுட்டிக்காட்டிய அந்த ஆள்காட்டி விரல் முறிந்து விழுந்தது. கீழே புல்வெளியில் தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்த நடுத்தர வயது நர்ஸ் ஒருத்தி அங்கேயே இறந்துபோனாள். மறுநாள் காலையில் வெல்டரைக் காணவில்லை. ஏரிக்கரையில் அவருடைய செருப்பும், அதன் அடியில் ஒரு கடிதமும் கிடந்தன. ஏரியில் ஐந்து நாள் ஆள் இறங்கித் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கடிதம் ஒன்றே போதும் என்று போலீஸ் முடிவுகட்டிவிட்டது.

“இன்னைக்குச் சாயங்காலத்தோட ஃபைலை மூடுறாங்களாம்க்கா” என்றாள் தையல்காரி. “அப்புறம் எங்கப்பா ஒரு உயிரை எடுத்துட்டுத் தன் உயிரையும் விட்ட ஆளு. காலத்துக்கும் அதான் பேரு.”

“கடிதத்துல இருக்கறது அவர் எழுத்துதானா?”

“அவர் எழுத்துதான். போலீஸ் தூரத்துல காட்டி, அப்பா எழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன். உடனே வாங்கிட்டுப் போயிட்டாங்க. முழுசாப் படிக்கக்கூட விடல.”

அந்தக் கடிதத்தின் நகலைத்தான் டைப்பிஸ்ட் தன் பழைய செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தி நேற்று வாங்கியிருந்தாள். நாலே வரி. அதில் கடைசிக்கு முந்திய வரி அவளுடைய ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

“‘வேறு எவரும் இதற்குப் பொறுப்பாளிகள் அல்லர்.’ இதைப் பாரு கண்டக்டர். அல்லர்! இருபத்திரண்டு வருஷத்துல கொலைகாரன் வாக்குமூலம் அடிச்சிருக்கேன், மந்திரி வாக்குமூலம் அடிச்சிருக்கேன். ‘அல்லர்’னு தானாச் சொன்ன ஒருத்தனை நான் கண்டதில்ல.”

“எங்க டிக்கெட் செக்கர் சொல்லுவாருக்கா. ஆனா அவரு பொண்டாட்டிகூட அவரோட பேசறதில்ல.”

பேருந்து குன்றின் திருப்பத்தில் ஏறியதும் எல்லோரும் ஒரே குரலில் “அதோ!” என்று கத்தினார்கள். மரங்களுக்கு மேலே ஒரு பெரிய இரும்பு நெற்றி தெரிந்தது. தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

*

இறங்கிய கூட்டம் நேராகப் புல்வெளிக்குப் போய், சிலைக்கு எதிரே வரிசை கட்டி நின்று, செல்ஃபோனைத் தூக்கியது. ஒரு பெண் செத்துப்போன இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கயிறும் படத்தில் விழும்படி ஒருத்தர் தன் குடும்பத்தை நிற்கவைத்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த ஐஸ்க்ரீம் இன்னும் கொஞ்சம் உருகியிருக்க வேண்டும்.

நீட்டிய கையின் நுனியில், விரல் இருந்த இடத்தை நீலத் தார்ப்பாய் போட்டுச் சுற்றியிருந்தார்கள். காற்றில் அது படபடத்தது.

“கண்டக்டர், கடிதத்தை முதல்லேருந்து படி. இவளும் கேக்கட்டும்.”

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான். “‘பெரியம்மா சிலையின் வலது கை ஆள்காட்டி விரலில் நான் செய்த பற்றவைப்புப் பணியில்...’”

“என்ன கை?” என்றாள் தையல்காரி.

“வலது கை.”

“சரியாப் பாருங்கண்ணா.”

“வலதுன்னுதாம்மா இருக்கு. அதோ பாரு, வலது பக்கம்தானே விரலைக் காணோம்?”

“நமக்கு வலது” என்றாள் அவள். சட்டென்று குரல் உயர்ந்தது. “பெரியம்மாவுக்கு அது இடது கை! அண்ணா, என்கிட்ட அளவு கொடுக்க ஒருத்தங்க எதிர்ல வந்து நின்னா, வலது தோளுன்னா அவங்க வலது தோளுதான். என் பக்கமிருந்து எழுதினா சட்டை நாறிடும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான். ரெண்டு வருஷம் சாப்பிடும்போதெல்லாம் ‘இன்னைக்கு இடது கை முடிஞ்சுது, நாளைக்கு இடது கை விரலு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்கு எப்படிக்கா இடது வலது மாறும்?”

டைப்பிஸ்ட் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். விசாரணைக் குழு என்று ஏழு பேர் காரில் வந்து, இதே புல்வெளியில் நின்று, விரல் இல்லாத கை தங்களுக்கு வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழு பேரில் ஒருத்தருக்காவது சிலையின் பக்கத்திலிருந்து யோசிக்கத் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள் என்று வாய்விட்டே திட்டினாள்.

“அக்கா, சத்தமா வேணாம், கூட்டம் தங்களைத்தான்னு நினைச்சுக்கும்” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் நழுவினான். முறிந்து விழுந்த விரலைக் கொஞ்ச தூரத்தில் ஒரு தகரக் கூரையின் கீழ் போட்டு வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டான். அவர் வழி சொன்னார். புரியவில்லை என்றான். அவர் எழுந்துவந்து கையை நீட்டிக் காட்டினார். மூன்றாவது தடவையும் புரியாமல் போனபோது அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து, செல்ஃபோனில் எடுத்த விரலின் படத்தை நீட்டினான். தகட்டின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ‘இ. கை 5’.

“இடது கை, அஞ்சாம் பாகம். அப்பா எழுத்து” என்றாள் தையல்காரி.

“இந்தக் காகிதத்துல இருக்கறதும் அவர் எழுத்துதான்” என்றாள் டைப்பிஸ்ட். “ஆனா வாய் வேற யாரோடதோ. யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்காரு. அது எப்படின்னு எனக்குத் தெரியும்மா. என் வேலையே அதான். சொன்னதைச் சொன்னபடி அடிக்கணும். தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது. திருத்தினா, ‘நீ யாரு திருத்த?’ன்னு கேப்பாங்க.” ஃபைலை அறைந்து மூடினாள். “சொன்னவன் இந்தச் சிலையை எதிர்ல நின்னு மட்டுமே பாத்தவன். ‘அல்லர்’ போட்டுப் பேசுறவன். அப்படி ஒருத்தனை இங்க தேடணும்.”

“தேட வேணாம்க்கா. எழுதியே ஒட்டியிருக்கான்” என்று கண்டக்டர் கையைக் காட்டினான்.

சிலையின் பின்பக்கம் போகும் பாதையை உயரமான தகர வேலி போட்டு அடைத்திருந்தார்கள். அதில் ஒரு பலகை தொங்கியது. ‘புதிய விரலுக்கான பற்றவைப்புப் பணி நடைபெறுகிறது. வெளியாட்கள் அனுமதிக்கப்பட்டோர் அல்லர். – மேலாளர்.’

*

மேலாளரின் அறை சிலைக்கு நேர் எதிரே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பெரியம்மாவின் முழங்கால் தெரியும். டைப்பிஸ்ட் கதவைத் தட்டவில்லை. உள்ளே போய், கடிதத்தை அவருடைய மேசைக் கண்ணாடியின் மேல் அறைந்தாள்.

“இதைச் சொல்லச் சொல்ல எழுத வெச்சது நீங்கதானே?”

மேலாளர் மெலிந்த மனிதர். இரண்டு ஃபோன்களுக்கு நடுவே வேர்த்துக்கொண்டிருந்தார். “யாரும்மா நீங்க? நாலு மணிக்கு ஃபங்ஷன். பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க, கிரேன் வரல. இப்ப வந்து...”

“கிரேன் எந்தக் கைக்கு?”

“என்ன கேள்வி இது? இடது கைக்கு.”

டைப்பிஸ்ட் கடிதத்தை மறுபடி பார்த்தாள். “இடதா?”

“இடது கை, அஞ்சாம் நம்பர். இந்தாங்க, கிரேன்காரனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. நீங்க அந்தக் கம்பெனி ஆளா? மாத்திச் சொல்லி ஏற்கெனவே ஒருதடவை கிரேனைத் தப்பான பக்கம் நிறுத்திட்டாங்க.”

“வேலியில இருக்கற போர்டை எழுதினது நீங்கதானே? கீழ மேலாளர்னு போட்டிருக்கே?”

“பேரு என்னுது, எழுத்து என்னுது இல்ல. எனக்கு ஒற்று எங்க வரும், எங்க வராதுன்னே தெரியாதும்மா. சிற்பி ஐயா எழுதிக் கொடுத்தாரு. அவரு பேசறதே மேடையில பேசற மாதிரிதான் இருக்கும்.”

“பழைய வெல்டிங் ஆளுங்கல்லாம் எங்க?”

“விபத்துக்கு மறுநாளே ஐயா எல்லாரையும் அனுப்பிட்டாரு. இப்ப ஒரே ஒரு ஆளு. வெளியூராம். யார்கிட்டயும் பேசறதில்ல, மாஸ்க்கைக் கழட்டறதில்ல, படுக்கை சாப்பாடு எல்லாம் பின்னாடி ஷெட்டுலயே. போதுமா? கொஞ்சம் வெளிய போறீங்களா?”

வெளியே வந்ததும் டைப்பிஸ்ட் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்போது தன் மேலேயே கோபம். ஆளைப் பார்த்ததும் பாய்ந்திருக்கக் கூடாது.

“மேலாளர் இல்ல. சிற்பியும் இல்ல” என்றாள். “பேச்சு அவர் பேச்சுதான். ஆனா சிலையைச் செஞ்ச மனுஷன் அதோட இடது கையை வலதுன்னு சொல்ல மாட்டான். இவங்கப்பா மாதிரிதான் அவரும் சொல்லுவாரு. கணக்கு உதைக்குது.”

கண்டக்டர் பாப்கார்னை மென்றுகொண்டே கேட்டான்: “செஞ்ச மனுஷன் சொல்ல மாட்டான், சரி. இவரு செஞ்சாருன்னு யாரு சொன்னா?”

“என்ன சொல்றே?”

“எங்க டெப்போவுல ஒரு மேனேஜர் இருந்தாருக்கா. பத்து வருஷம், நான்தான் பஸ்ஸு ஓட்டறேன், நான்தான் பஸ்ஸு ஓட்டறேன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் பேசுவாரு. ஒருநாள் டிரைவர் வரல. வண்டியை எடுங்க சார்னோம். ஏறி உக்காந்து, சாவியை எங்க போடணும்னு கேட்டாரு.”

டைப்பிஸ்ட் எழுந்துவிட்டாள்.

*

சிற்பி புல்வெளியில் பத்திரிகைக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். தோளில் வெள்ளைச் சால்வை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. இரும்போடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றதாகச் சொல்லிக்கொண்ட அந்தக் கைகளில் ஒரு சுட்ட தழும்பு இல்லை. தையல்காரியின் அப்பாவுக்கு இரண்டு முழங்கையும் புள்ளி புள்ளியாக இருக்கும்.

“ஒரு எளிய தொழிலாளியின் பிழையால் என் படைப்பு ஊனமுற்றது” என்றார் சிற்பி. “அவன் ஆன்மா சாந்தியடையட்டும். நான் அவனை மன்னித்துவிட்டேன். இன்று என் அன்னையின் வலக்கரம் மீண்டும் உயிர் பெறுகிறது. இறுதிப் பற்றவைப்பை நானே என் கையால் செய்யப்போகிறேன்.”

தடி உயர்ந்தது. எதிரே நிற்கிறவனின் வலப்பக்கத்தைக் காட்டியது.

மன்னித்துவிட்டாராம். தையல்காரி பாயப் பார்த்தாள். டைப்பிஸ்ட் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஐயா, ஒரு சந்தேகம்” என்று குரல் கொடுத்தாள்.

“கேளுங்கள் அம்மையீர்.”

“அந்த விரல் எத்தனை துண்டுத் தகடு சேத்துச் செஞ்சது?”

சிற்பி புன்னகைத்தார். “கலைஞன் துண்டுகளை எண்ணுவதில்லை.”

பத்திரிகைக்காரர்கள் அந்த வாசகத்தை அப்படியே குறித்துக்கொண்டார்கள்.

“பதினேழு” என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். “நகத்துக்கே மூணு.”

டைப்பிஸ்ட் இருவரையும் இழுத்துக்கொண்டு வேலிப் பக்கம் ஒதுங்கினாள். “இவருக்கு எதுவும் தெரியாது. காகிதத்துல படம் வரைஞ்சு கொடுத்ததோட இவர் வேலை முடிஞ்சுது. செஞ்சதெல்லாம் உங்கப்பா. எண்ணத் தெரியாதவருக்கு அந்த விரலை மறுபடி செய்யத் தெரியுமா? பழைய ஆளுங்களையும் அனுப்பியாச்சு. அப்ப இந்தத் தகரத்துக்குப் பின்னாடி புது விரலை யாரு செய்யறா?”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சடசடவென்று சத்தம் வந்தது. தகர இடுக்குகளில் வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தையல்காரியும் அதே நொடியில் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகம் அப்படியே நின்றது.

“நான் இங்க மூணு தடவை வந்தேன்க்கா” என்றாள் மெல்ல. “இதே இடுக்கு வழியாத்தான் உள்ள பாத்தேன். யாரோ வெல்டு வெச்சுக்கிட்டிருந்தாங்க. உடனே திரும்பிட்டேன். வெளிச்சம் வந்தா பாக்காதே, கண்ணு போயிடும்னு அஞ்சு வயசுலயே அப்பா சொல்லிக் கொடுத்தாரு. மூணு தடவையும் திரும்பிட்டேன்.”



“போலீஸ்கூடவா உள்ள வந்து பாக்கல?” என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

“போலீசும் திரும்பிக்கும்க்கா” என்றான் கண்டக்டர். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. “கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

*

வேலிக் கதவில் பூட்டு இல்லை. பலகையே போதும் என்று நினைத்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அதை உதைத்துத் திறந்தாள். பெரியம்மாவின் முதுகு தலைக்கு மேல் எழும்பி நின்றது. முன்பக்கம் பளபளவென்று தேய்த்து மெருகேற்றிய தகடு, பின்பக்கம் துருவும் கோடுகளுமாக அப்படியே விட்டிருந்தது. யாரும் வந்து பார்க்காத பக்கம்.

கீழே ஒரு ஷெட். உள்ளே இரண்டு இரும்பு மேடைகளின் மேல் ஆள் நீளத்தைவிடப் பெரிய புது விரல் படுத்திருந்தது. அதன்மேல் குனிந்து, கறுப்பு மாஸ்க்கும் தோல் கையுறையும் போட்ட ஒருவர் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பாய், ஒரு தட்டு.

தையல்காரி வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கேபிளைப் பார்த்தபடியே நடந்துபோய் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். சடசடப்பு நின்றது. அந்த ஆள் கையிலிருந்த வெல்டிங் ராடைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், அப்புறம் மாஸ்க்கை நெற்றிக்கு மேல் தள்ளினார்.

“நீ ஏன்மா இங்க வந்தே?” என்றார் வெல்டர். “யாராவது பாத்தா?”

“ஏன் வந்தேனா?” தையல்காரி கத்தினாள். அந்தக் கத்தலில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. “ஏரியில உன் பொணத்தைத் தேடினாங்கப்பா! அஞ்சு நாள் கரையிலயே உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவை ஆளு மேல வரும்போதும் உன் சட்டைதானான்னு பாத்தேன். ஏன் வந்தேன்னு கேக்கறே!”

வெல்டரின் முகத்தில் ஒன்றும் புரியவில்லை. “உனக்குத் தெரியும்னாரே ஐயா. உன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு, நீதான் கொஞ்ச நாள் மறைஞ்சு இருக்கச் சொன்னேன்னாரே. வெளிய வந்தா சனங்க அடிச்சே கொன்னுடுவாங்கன்னு... செருப்பைக் குடுன்னாரு, குடுத்தேன். ஃபோனையும் வாங்கிக்கிட்டாரு.”

“யாரங்கே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சால்வையும் தடியுமாகச் சிற்பி நின்றார். நாலு மணி ஆகிவிட்டிருந்தது. அவருக்குப் பின்னால் மேலாளரும், காமிராவும் மைக்குமாகப் பத்திரிகைக்காரர்களும் நின்றார்கள். ஷெட்டுக்குள் இருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மேலாளர், “ஐயோ, இவரா!” என்று ஒரே ஒரு அலறல் போட்டார்.

சிற்பிக்கு ஒரு கணம்தான் தடுமாற்றம். உடனே குரலைத் திரட்டிக்கொண்டார். “குற்றவாளி இங்கே ஒளிந்திருந்தானா! நான் அறியேன். இவன் யாரென்று தெரிந்தே பணியில் அமர்த்தியவன் நான் அல்லேன்.”

“பாத்தீங்களாக்கா, அல்லேன்!” என்றான் கண்டக்டர்.

சிற்பி பின்வாங்கிக் கதவுப் பக்கம் நகர்ந்தார். கண்டக்டர் இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டான். “முன்னாடி ஏறுனவங்க பின்னாடி இறங்கக் கூடாது சார். போலீசுக்கு ஃபோன் போட்டாச்சு, ஓரமா நில்லுங்க.”

டைப்பிஸ்ட் வெல்டரிடம் போனாள். கடிதத்தை அவர் முன்னால் நீட்டினாள். “இந்தக் கடிதத்துல வலது கைன்னு ஏன் எழுதினீங்க?”

“இடதுங்கய்யான்னு சொன்னேம்மா. வெறும் மன்னிப்புக் கடிதம்தான், நான் சொல்றதை எழுதுன்னாரு. எழுதிட்டேன்.”

“விரல் ஏன் முறிஞ்சுது?”

வெல்டர் சிற்பியின் பக்கம் பார்த்துவிட்டுத் தயங்கினார். ஆறு வாரப் பயம் ஒரு நிமிடத்தில் போய்விடுமா?

“சொல்லுப்பா” என்றாள் மகள்.

“முன்னாடியிருந்து பாத்தா குட்டையாத் தெரியுது, ரெண்டடி நீட்டுன்னாரு. உள்ள தாங்கி போடாம நீட்டினா நிக்காதுங்கய்யான்னேன். தாங்கி போட்டா விரல் தடிச்சுடும், அழகு கெட்டுடும்னாரு. மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்லியிருக்கணும்.”

“அபாண்டம்!” என்றார் சிற்பி. “இந்தச் சிலையின் ஒவ்வொரு அணுவும் என் கையால் ஆனது. இவன் வெறும் கூலியாள்!”

தையல்காரி அப்பாவின் கையிலிருந்த, ராடு பிடிக்கும் ஹோல்டரை வாங்கினாள். ஒரு புது ராடை எடுத்துச் சொருகினாள். மாஸ்க்கையும் கையுறையையும் கழற்றச் சொல்லி வாங்கினாள். எல்லாவற்றையும் சிற்பியின் முன்னால் நீட்டினாள்.

“கடைசி வெல்டு நீங்கதான் வைக்கப்போறீங்கன்னு சொன்னீங்களே. இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கு. வைங்க.”

“இது அதற்கான தருணமன்று.”

“வைங்க ஐயா” என்றது பத்திரிகைக்காரர்களில் ஒரு குரல். இன்னொரு குரலும் சேர்ந்தது. காமிராக்கள் உயர்ந்தன. படத்துக்காகச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கலாம், மற்றதை மாஸ்க் போட்ட ஆள் பார்த்துக்கொள்வான் என்று போட்ட திட்டம் அந்த ஆளின் முகம் தெரிந்ததும் கலைந்துபோயிருந்தது. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை.

சிற்பி கையுறையை மாட்டினார். மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டார். தையல்காரி சுவிட்சைப் போட்டாள். ராடின் நுனியை அவர் இரும்பின் மேல் வைத்தார். வைத்து அழுத்தினார்.

ஒரு பொறி தெறித்தது. அவ்வளவுதான். ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சால்வை நழுவித் தரையில் விழுந்தது. மெஷின் உறும, ராடு அடியிலிருந்து சிவந்துகொண்டே வந்தது. வெல்டிங் பழக வருகிறவன் முதல் நாள் செய்கிற தப்பு அது.

“ஐயா, இழுக்காதீங்க” என்று வெல்டர் தன்னை மறந்து ஓடிவந்தார். “ஹோல்டரை அழுத்தி ராடை விட்டுடுங்க. கையைச் சுட்டுக்கப் போறீங்க.”

தையல்காரி சுவிட்சை அணைத்தாள். சிற்பி ஹோல்டரைப் போட்டுவிட்டு மாஸ்க்கோடு நின்றார். அதைக் கழற்றுகிற தைரியம் அவருக்கு வரவில்லை. ஒட்டிய ராடு விரலின் மேல் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. காமிராக்கள் அதைத்தான் எடுத்தன.

மேலாளர் நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

வெல்டர் சிற்பியையும் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினார்.

“அந்த நர்சம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்கா? ஆறு வாரமாக் கேக்கறேன். இவருக்குத் தெரியாதாம். கேட்டுச் சொல்லவும் இல்ல.”

“இருக்கா. ஒரு பொண்ணு. என் வயசுதான்.” தையல்காரியின் குரல் உடைந்தது, ஆனாலும் நிற்கவில்லை. “உனக்காக மன்னிப்புக் கேக்கப் போனேன். கொலைகாரன் பொண்ணு என் வாசல்ல நிக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டா.”

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில போறோம்பா. நடந்ததை நீயே சொல்லு.”

“என்னைப் பாத்ததும் மறுபடி சாத்திட்டா?”

“திறக்கற வரைக்கும் நிப்போம்” என்றாள் மகள்.